சம்மட்டிக்குக் கேட்ட குரல்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு நல்ல டீ கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் விற்கிறார்களே, அதில் பாதி வெந்நீர்தான்.

கையெழுத்துப் போட நீங்கள் வரச்சொன்னது என் வீட்டுக்காரரை. நான் துணைக்கு வந்தவள். கேஸை முடிக்கப் போகிறீர்கள், லீலாவின் கை போனது தற்செயலாக நடந்தது என்று எழுதியாகிவிட்டது என்று ஏட்டய்யா சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். ஆனால் யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் விவரமாகச் சொன்ன பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுதியதில் ஒரு தப்பு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் உங்களைத் தனியாகப் பார்க்கக் கேட்டேன். அதிக நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

என் பெயர் செங்கமலம். வயது முப்பத்தேழு. வீட்டுக்காரர் பெயர் திருமலை. கோதண்டம் முதலாளியின் விறகுத் தொட்டியில், அந்த விறகுக் கிடங்கில், நாங்கள் இரண்டு பேரும் பதினான்கு வருஷமாக விறகு பிளக்கிறோம்.

விறகு பிளப்பது என்றால் கோடாலியால் போடுவது என்று நினைப்பீர்கள். சவுக்குக்கும் வேலிகாத்தான் முள்ளுக்கும் அது சரி. எங்களுக்கு வருவது அடிக்கட்டை. பிள்ளைப்பாக்கம் பக்கமும் ஒரகடம் பக்கமும் கம்பெனி கட்ட நிலம் வாங்குகிறவர்கள் தோப்புகளை அழிக்கிறார்கள். நேரான மரமெல்லாம் அறுப்பு மில்லுக்குப் போய்விடும். வேரோடு பெயர்த்த அடிக்கட்டை தொட்டிக்கு வரும். புளி, மா, வேம்பு. ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி படுத்திருக்கிற அளவு இருக்கும். அதில் கோடாலியைப் போட்டால் கோடாலிதான் மாட்டிக்கொள்ளும். அதற்கு இருபது பவுண்டு சம்மட்டி வேண்டும், இரும்பு ஆப்பு வேண்டும், இரண்டு ஆள் வேண்டும்.

ஒருவர் ஆப்புப் பிடிக்க வேண்டும். கட்டையின் முகத்தில் வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதில் ஆப்பின் நுனியை வைத்து, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு குந்த வேண்டும். அடிப்பவர் முதலில் மெதுவாக ஒன்று தட்டுவார். ஆப்பு கட்டையைக் கடித்துக்கொண்டது என்று கைக்குத் தெரியும். தெரிந்ததும் கையை எடுத்துவிட்டு 'வுடு' என்று சொல்ல வேண்டும். அப்போது சம்மட்டி முழு வேகத்தில் இறங்கும்.

அடிக்கிறவருக்குக் கண் இல்லையா, எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். சம்மட்டி தலைக்கு மேலே போகும்போது முகமும் மேலே போகும். கீழே பார்த்துக்கொண்டே அடித்தால் கை தயங்கும். தயங்கிய அடி ஆப்பின் ஓரத்தில் பட்டுத் தெறிக்கும். அதனால் நல்ல சம்மட்டிக்காரர்கள் ஆப்பின் தலையை ஒரு தடவை பார்த்து மனசில் வைத்துக்கொள்வார்கள். பிறகு பார்க்க மாட்டார்கள். சம்மட்டியை உச்சியில் நிறுத்தி, வானத்தைப் பார்த்தபடி குரலுக்குக் காத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் நல்ல சம்மட்டிக்காரர்.

என் கையைப் பாருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே இந்தக் காய்ப்பைத் தவிர ஒரு கீறல் கிடையாது. ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது இந்தக் கையை அவர் சம்மட்டிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அத்தனை தடவையும் என் வார்த்தைக்காக அவர் காத்திருந்தார். வீட்டில் அவர் என் பேச்சைக் கேட்டவர் இல்லை. மகளை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்ததுகூட அவர் இஷ்டம்தான். நான் வேண்டாம் என்றேன், அவர் பாட்டுக்குத் தட்டு மாற்றிவிட்டு வந்தார். தொட்டியில் மட்டும் நான் சொல்லாமல் அவர் கை இறங்காது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மாசி மாதம் எனக்குக் காமாலை வந்தது. நாற்பது நாள் படுத்துவிட்டேன்.

லீலா அதற்கு முன்பே தொட்டியில் இருந்தாள். பிள்ளைப்பாக்கத்துப் பெண். வயது இருபத்தெட்டு. புருஷன் செத்து மூன்று வருஷம், அண்ணன் பகலவன் வீட்டில் இருந்தாள். அவர்கள் நிலம் கம்பெனிக்குப் போன பிறகு விறகு அடுக்கும் வேலைக்கு வந்தவள். நான் படுத்த மறுநாள், யார் ஆப்புப் பிடிக்கிறீர்கள் என்று முதலாளி கேட்டாராம். எல்லாரும் தரையைப் பார்த்தார்களாம். இவள் போய்க் குந்திவிட்டாளாம். இதை எனக்குச் சொன்னவளும் அவள்தான்.

அவளைப் பற்றித் தப்பாக எதுவும் சொல்ல மாட்டேன். நாற்பது நாளும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நிற்பாள்.

"சீக்கிரம் எய்ந்து வாக்கா. உன் வூட்டுக்காரு இன்னா ஆளு, வாயத் தொறக்கவே மாட்டன்றாரு. அந்த ஆப்பாவது அடிச்சா டங்குனு ஒரு சத்தம் குடுக்குது."

"அவரு அப்டித்தான்."

"எப்டிக்கா பதினாலு வருசம் குந்திகினு இருந்த? எனக்கு நாலு நாளிலயே கொட்டாவி வருது."

நான் சிரித்தேன். அவள் இருந்தவரை எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் போன பிறகு அவள் கையை நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். தம்ளரை நீட்டும்போது பார்த்திருந்தேன். கட்டைவிரலுக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. காய்ப்பு விழ ஆரம்பித்திருந்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் என் வீட்டுக்காரரை 'ணா' என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறந்தவனைக் கூப்பிடுகிற மாதிரி. அவர்களுக்குள் வேறு எதுவும் கிடையாது. நீங்கள் அப்படி ஏதாவது எழுதினால் அது பொய். அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தெருவில் நின்று கத்தியிருப்பேன், நாலு பேர் என் பக்கம் பேசியிருப்பார்கள். என் புருஷனுக்கு இவள் ஆப்புப் பிடிக்கிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது, ஐயா? சிரிப்பார்கள்.

பங்குனி கடைசியில் வேலைக்குப் போனேன். நேராகக் கட்டையிடம் போய்ப் புடவையைத் தூக்கிச் செருகினேன். அவர் என்னைப் பார்க்காமல் சம்மட்டிக் காம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ போயி தராசுகிட்ட குந்து, செங்கா."

"ஒடம்பு தேறிடுச்சு."

"இன்னா?"

"தேறிடுச்சுன்றேன்."

"இருக்கட்டும். அவளே புடிக்கட்டும். பயகிட்டா."

அந்த நாட்களில் நான் எதைச் சொன்னாலும் 'இன்னா?' என்பார். இரண்டாம் தடவை சொன்னால் பாதியிலேயே தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். மனசு வேறிடத்தில் இருக்கிற ஆளிடம் பேசினால் அப்படித்தான் இருக்கும். லீலா எதையாவது சொன்னால் உடனே திரும்புவார். அவளுக்கு வெண்கலக் குரல். லாரி ஓடுகிற ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினாலும் கேட்கும். ஆப்புப் பிடிக்கும்போது அவள் 'வுடுணா' என்று இழுத்துச் சொல்வாள். என்னுடையது ஒரே வார்த்தை. மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

முதலாளிக்குச் சந்தோஷம். எங்கள் இரண்டு பேருக்கும் நாள் முழுக்க ஆறு கட்டை முடியும். அவர்கள் எட்டு முடித்தார்கள்.

"இன்னாய்யா திருமலை, புது ஆப்பு நல்லா எறங்குது போல," என்று என் முன்னாலேயே சொன்னார்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவள் பிடிப்பதில் இன்ன குறை, இவள் மாதிரி வராது என்று பொய்யாகவாவது ஒன்று சொல்லியிருக்கலாம்.

சித்திரையில் ஒரு நாள் அந்த ஆப்பைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம், கட்டை மேல் கிடந்தது. அதன் இடுப்பில் சைக்கிள் டியூப்பைக் கிழித்து வரிவரியாகச் சுற்றியிருந்தது. நல்ல நேர்த்தியாக, முடிச்சு வெளியே தெரியாமல். அது அவர் கைவேலை.

"அதிர்ச்சி கையில ஏறுதுன்னேன்கா. அண்ணன் சுத்திக் குடுத்தாரு. இப்ப மெத்தை மேல கை வெச்சாப்பல கீது," என்றாள் லீலா.

பதினான்கு வருஷம் நான் வெறும் இரும்பைப் பிடித்தேன். எனக்கும் அதிர்ந்தது. சாயங்காலம் சோறு பிசையும்போது விரல் நடுங்கும். ஒரு தடவை சொன்னதற்கு, "உன் கையே கட்டை மாதிரி, அதுக்கு இன்னா ஆவும்" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பல வருஷம் வைத்திருந்தேன்.

அன்றைக்கு நான் லீலாவிடம் கோபப்படவில்லை. நன்றாகச் சுற்றியிருக்கிறார் என்றேன்.

மே மாதக் கடைசியில் இந்தப் பக்கம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது உங்களுக்கே தெரியும். ரோடெல்லாம் போலீஸ், லாரி ஓடவில்லை. தொட்டி பத்து நாள் மூடிக் கிடந்தது. அந்தப் பத்து நாளும் அவர் வீட்டில்தான் இருந்தார். நான் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். பத்து நாள் இடைவெளி விழுந்துவிட்டது, இனிமேல் முதலிலிருந்து ஆரம்பம் என்று எனக்குள் ஒரு கணக்கு. தொட்டி திறந்த அன்று அவருக்கு முன்னால் போய் நின்றேன். அவர் சம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்.

"லீலா, வா."

இரண்டே வார்த்தை. கூப்பிட்ட விதத்தில் ஒன்றும் இல்லை. டீக்கடைப் பையனைக் கூப்பிடுவது மாதிரிதான் கூப்பிட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் அவள் மாதிரி சொல்லிப் பார்க்க ஆரம்பித்தேன். இது ஒரு பெரிய விஷயம் இல்லை. ஆடு ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போகும்போது, சுற்றி யாரும் இல்லாத இடத்தில், 'வுடுணா' என்று சொல்லிப் பார்ப்பேன். ஆரம்பத்தில் தொண்டை ஒத்துழைக்கவில்லை. வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். கடைசி எழுத்தை மூக்கில் கொஞ்சம் விட வேண்டும். பதினைந்து நாளில் நன்றாக வந்துவிட்டது. எதற்காகச் செய்தேன் என்று கேட்டால், அந்தக் குரலில் அப்படி என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அந்தச் சமயத்தில் வேறு நோக்கம் இல்லை.

ஆனி மாதம் ஒரு நாள் தொட்டியில் சொல்லிப் பார்த்தேன். நான் அவர்களுக்குப் பக்கத்தில் பிளந்த விறகை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆப்பு நன்றாக இறங்கியிருந்தது, லீலா கையை எடுத்துவிட்டாள், மூக்கு அரிக்கிறது என்று முந்தானையைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் சம்மட்டியை உச்சியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் அடுக்குக்குப் பின்னாலிருந்து சொன்னேன். சம்மட்டி இறங்கியது. கட்டை இரண்டாகப் போனது. லீலா நிமிர்ந்து, "நான் சொல்லவேயில்ல, அதுக்குள்ள போட்டுட்டியேணா," என்று சிரித்தாள். பக்கத்து ஷெட்டில் தகரம் தட்டுகிற சத்தத்தில் அவளுக்கு யார் சொன்னது என்று பிரித்துத் தெரியவில்லை. அவர் நெற்றி வியர்வையை வழித்துவிட்டு அடுத்த கட்டைக்குப் போனார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு முழுவதும் எனக்கு உடம்பு லேசாக இருந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு அவர் கை என் வார்த்தைக்கு இறங்கியிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன். எதுக்கு என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடுவதாகத்தான் இருந்தேன்.

ஆடி பிறந்ததும் கோயில்களில் கூழ் ஊற்ற விறகு கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வேலை நெருக்கியது. இரண்டாவது வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள். காலையில் எந்தக் கட்டையை முதலில் உருட்டுவது என்று நான்தான் சொல்வேன், அடுக்குகிறவள் என்பதால் அந்த வேலை எனக்கு. மூலையில் ஒரு புளியங்கட்டை ஒரு மாதமாகக் கிடந்தது. முறுக்கு விழுந்த கட்டை. ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி நார் சுற்றிக்கொண்டு ஓடும். அந்த மாதிரிக் கட்டையில் ஒரு தட்டுக்கு ஆப்பு நிற்காது, கட்டை அதை வெளியே துப்பிவிடும். நாலு தட்டு, ஐந்து தட்டு வேண்டும். அதுவரை ஆப்புப் பிடித்தவள் கையை எடுக்க முடியாது. அந்தக் கட்டையை உருட்டச் சொன்னேன்.

பதினொரு மணி இருக்கும். முதலாளி கேட் அருகில் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து ஷெட்டில் தகரம் தட்டினார்கள். லீலா ஆப்பை வைத்தாள். அவர் தட்டினார். கட்டை ஆப்பைத் துப்பியது. மறுபடி வைத்தாள். தட்டினார். மறுபடி துப்பியது.

"இன்னாணா இது, என் நாத்தனார் மாதிரி முறுக்கிகினு கீது," என்றாள்.

அவர் சிரித்தார். கையில் சம்மட்டி இருக்கும்போது அவர் சிரித்து நான் பார்த்ததில்லை, ஐயா. பதினான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட. நானும் அந்தக் காலத்தில் அவரைச் சிரிக்கவைக்க ஏதாவது சொல்லியிருப்பேன். 'வேலையைப் பாரு' என்பார்.

மூன்றாவது தட்டுக்கு ஆப்பு லேசாகக் கடித்தது. லீலா முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து, இடது கையை எடுத்து, வலது கையை மட்டும் வைத்துக்கொண்டு, ஆட்டம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இன்னும் ஒரு தட்டு வேண்டியிருந்தது. அதைச் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள், சம்மட்டி உச்சிக்குப் போய்விட்டது. அவர் வானத்தைப் பார்த்தார்.

நான் சொன்னேன்.

கையில் எதையும் எடுக்கவில்லை. யாரையும் தொடவில்லை. ஒரு வார்த்தை, அதுவும் அந்தத் தொட்டியில் ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்கிற வார்த்தை.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், உடனே குனிந்து பார்த்தார். பிறகு சம்மட்டியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். லீலா முதலில் கத்தவில்லை. என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போனது நான்தான். புடவைத் தலைப்பைக் கிழித்து மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். விறகு லாரியிலேயே காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அவள் தலை என் மடியில் இருந்தது. யார் கட்டியது, நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று டாக்டர் கேட்டார். நான்தான் என்றேன்.

வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

பகலவன் உங்களிடம் வந்து, திருமலை குடித்துவிட்டு என் தங்கச்சி கையை நசுக்கிவிட்டான் என்று எழுதிக்கொடுத்தான். அவர் குடிக்க மாட்டார். நீங்கள் இரண்டு நாள் உட்காரவைத்து விட்டுவிட்டீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை, அது உங்கள் வேலை. அந்த இரண்டு நாளும் அவருக்கு இங்கே சாப்பாடு கொண்டுவந்தேன். அங்கிருந்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் லீலாவுக்கு ஊட்டிவிட்டேன். அவளுக்கு இடது கையால் சாப்பிட வரவில்லை.

"பகலவன் பொண்டாட்டி இனிமே என்னைப் பாத்திரம் தேய்க்கச் சொல்ல மாட்டா. அந்த மட்டும் மிச்சம்," என்றாள். தானே சிரித்துக்கொண்டாள். பிறகு வாயிலிருந்த சோற்றை விழுங்கினாள்.

"யக்கா, நான் வுடுன்னு சொல்லலக்கா. கையே எடுக்கல, எப்டி சொல்லுவேன்?"

"சொன்ன லீலா. எனக்கே கேட்டுச்சு."

"நெஜமாவா?"

"வாய்ப் பழக்கம். கைக்கு முந்தி வாய் பூடுச்சு. யாருக்கும் ஆவறதுதான்."

"வேற யாரோ சொன்னாப்பல இருந்துச்சுக்கா."

"அங்க நீயும் நானும்தானே இருந்தோம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுத்த உருண்டையை உருட்டினேன். வாயைத் திறந்தாள். நாலாவது நாள் நர்ஸம்மாவிடம் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள், நான்தான் அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன், அண்ணன் மேல தப்பில்லை என்று. பிறகு உங்கள் ஏட்டய்யாவிடமும் அதையே சொன்னாள், இடது கைப் பெருவிரலை வைத்தாள். தங்கச்சியே சொன்ன பிறகு பகலவனும் அடங்கிவிட்டான். அவள் நல்ல பெண், ஐயா. அதை நான் எப்போதும் சொல்வேன்.

ஆக, எல்லாம் முடிந்துவிட்டது. நான் இந்த அறைக்குள் வராமல் இருந்திருந்தால் இப்போது வீட்டில் உலை வைத்துக்கொண்டிருப்பேன். என்னை யாரும் சந்தேகப்படவில்லை, கேட்கவும் இல்லை. புண் ஆறியதும் லீலா அண்ணன் வீட்டோடு இருந்துவிடுவாள். தொட்டியில் ஆப்புப் பிடிக்க நான் ஒருத்திதான் மிச்சம். நான் நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது.

ஆனால் ஏட்டய்யா சொன்னாரே. லீலா, 'நான் சொன்னேன், அண்ணன் அடித்தார்' என்று சொல்லியிருக்கிறாளாம். அவரும், 'லீலா சொன்னாள், நான் அடித்தேன்' என்று சொல்லியிருக்கிறாராம். இரண்டும் அச்சு மாறாமல் ஒத்துப்போகிறது, அதனால் கேஸ் நிற்காது என்றார். கல்யாணப் பத்திரிகை மாதிரி அவர்கள் இரண்டு பேர் பெயரும் ஒரே தாளில், அவள் சொல்ல அவர் செய்ததாக, கவர்ன்மெண்ட் முத்திரையோடு. அது அப்படியே காலத்துக்கும் இருக்கும்.

அதைத்தான் திருத்தச் சொல்கிறேன். சொன்னது நான். செங்கமலம். அவள் கை ஆப்பில் இருக்கிறது என்று தெரிந்துதான் சொன்னேன், சொன்னால் சம்மட்டி இறங்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். அந்தக் கட்டையை உருட்டச் சொன்னபோதே தெரியும். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள், அதற்கு நான் தயாராக வந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவர் கை யார் வார்த்தைக்கு இறங்கியதோ, அந்தப் பெயர்தான் தாளில் இருக்க வேண்டும்.

அவர் வாக்குமூலத்தை நீங்கள் எனக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை, ஐயா. சரி, படியுங்கள்.

கேட்டேன். இன்னொரு தடவை அந்த நடு பாகத்தைப் படிக்கிறீர்களா?

இரண்டு வருஷமாக அவருக்குக் காது மந்தமாம். இரும்பு மேல் இரும்பு அடித்து அடித்துப் போய்விட்டதாம். நான் சொல்கிற 'வுடு' அவர் காதில் விழுவதே இல்லையாம், ஒரு குத்துமதிப்பில் அடித்துக்கொண்டிருந்தாராம். போன தை மாதம் ஒரு தடவை என் கை ஆப்பில் இருக்கும்போதே சம்மட்டியை இறக்கப்போய் நூலிழையில் நிறுத்தினாராம். காது போய்விட்டது என்று தெரிந்தால் முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். என்னிடமும். எனக்குக் காமாலை வந்ததைச் சாக்காக வைத்து என்னை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டாராம். லீலாவின் குரல் கணீரென்று இருந்ததால் அவளை வைத்துக்கொண்டாராம். 'என் பெண்சாதி கைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று பார்த்தேன், கடைசியில் அடுத்த வீட்டுப் பிள்ளை கையை எடுத்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கிறார்.

நன்றாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் நீங்கள் நம்புகிறீர்களா, ஐயா? அன்றைக்குச் சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும். பதினான்கு வருஷம் கேட்ட குரல். லீலா மாதிரி சொன்னேன்தான், ஆனால் என்ன மாதிரிச் சொன்னாலும் உள்ளே இருப்பது என் தொண்டைதானே. தெரிந்துதான் என்னை மறைக்கிறார். எனக்குத் தண்டனை வரக் கூடாது என்று, தன்னைச் செவிடன் என்று தானே எழுதிக்கொடுத்திருக்கிறார். எந்தப் புருஷன் செய்வான்?

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்கிறேன். வேப்ப மரத்தடியில், பெஞ்சில், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பத்தடி தூரம்கூட இருக்காது. நான் மெதுவாக, எப்போதும் சொல்கிற மாதிரி ஒரு தடவை சொல்கிறேன். நீங்களே பாருங்கள்.

வுடு.

இன்னொரு தடவை சொல்கிறேன்.

வுடு.

பார்த்தீர்களா, ஐயா? தலைகூட அசையவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எவ்வளவு உறுதியாக உட்கார்ந்திருக்கிறார், பாருங்கள்.